பித்தப்பைக் கல்லும் உடலின் பிற நோய்களும்

வயிற்று ஸ்கேன் அறிக்கையில் "பித்தப்பையில் கல் உள்ளது" என்ற ஒரு வரியைக் கண்டதும் பல குடும்பங்கள் கலங்கிப்போகின்றன. மேலூர், சிவகங்கை, இராமநாதபுரம், அருப்புக்கோட்டை எனப் பல ஊர்களிலிருந்தும் பேருந்தேறி மாட்டுத்தாவணியில் இறங்கி எங்களிடம் வருவோர், அந்த அறிக்கையோடு இரண்டு கேள்விகளையும் கொண்டுவருகின்றனர். "உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமா?" என்பது ஒன்று. "மருந்திலேயே கரைந்துவிடாதா?" என்பது மற்றொன்று.

இவ்விரண்டிற்கும் விடை சொல்வதற்கு முன் நாங்கள் உங்களிடம் சில கேள்விகளைக் கேட்கிறோம். உங்களுக்கு வேறு என்ன நோய்கள் உள்ளன? என்னென்ன மருந்துகளை உட்கொள்கிறீர்கள்? அண்மையில் எடை குறைந்ததா? கருவுற்றிருக்கிறீர்களா? கல்லைப் பற்றிக் கேட்க வந்தவர்களுக்கு இக்கேள்விகள் தொடர்பற்றவையாகத் தோன்றலாம். ஆனால், கல் ஏன் உருவானது, அது தீங்கு செய்யுமா, எப்போது எவ்வாறு அகற்றுவது என்பவற்றையெல்லாம் இக்கேள்விகளின் விடைகளே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

பித்தப்பையின் பணி

கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதி, கல்லீரலின் அடியில் ஒட்டியிருக்கும் பித்தப்பையில் தேங்கிச் செறிவடைகிறது. பித்தப்பையின் கொள்ளளவு ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிலிட்டர்தான். எண்ணெயோ நெய்யோ கலந்த உணவு சிறுகுடலை அடைந்ததும் ஒரு சுரப்பு நீர் வெளிப்பட்டுப் பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது. அப்போது பித்தநீர் குழாய் வழியாகக் குடலுக்கு இறங்கிக் கொழுப்பைச் செரிக்க உதவுகிறது.

பித்தநீரில் கொலஸ்ட்ராலும், அதைக் கரைநிலையில் வைத்திருக்கும் பித்த உப்புகளும், சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமியும் உள்ளன. இவற்றின் விகிதம் மாறினாலோ, பித்தப்பை சரிவரச் சுருங்காமல் நீர் தேங்கினாலோ நுண்ணிய துகள்கள் படிகின்றன. முதலில் அது சேறு போன்ற பித்தக் கசடாக இருக்கிறது. பின்னர் கல்லாக இறுகுகிறது.

இரு வகைக் கற்கள்

கொலஸ்ட்ரால் மிகுந்த கற்கள் மஞ்சள் நிறமாக இருக்கும். பிலிருபின் மிகுந்த நிறமிக் கற்கள் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். இரண்டும் கலந்தவையும் உண்டு. இந்தியாவின் வடக்கிலும் தெற்கிலும் இந்நோய் ஒரே அளவில் காணப்படுவதில்லை. இரயில்வே ஊழியர்களிடம் மருத்துவர் எஸ். எல். மல்ஹோத்ரா செய்து 1968இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியரைவிட வட இந்தியரிடம் பித்தப்பைக் கல் ஏழு மடங்கு மிகுதி என்று காட்டியது. வடக்கில் கொலஸ்ட்ரால் கற்களே பெரும்பான்மை. நம் பகுதியில் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் அங்கிருப்பதைவிடக் கூடுதலான பங்கு வகிக்கின்றன. மருந்தால் கரைப்பது பற்றிப் பேசும்போது இவ்வேறுபாடு முக்கியமாகிறது.

"என் இரத்தத்தில் கொழுப்புச் சரியாகத்தானே இருக்கிறது, கல் எப்படி வந்தது?" என்று பலர் கேட்பதுண்டு. இரத்தத்தில் உள்ள மொத்தக் கொலஸ்ட்ரால் அளவுக்கும் பித்தநீரில் கல் உருவாவதற்கும் நேரான தொடர்பு இல்லை. ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுவதும், நல்ல கொழுப்புக் குறைவதும்தான் கல்லோடு கூடுதலாகத் தொடர்புடையவை.

கல் உருவாகத் துணைசெய்யும் நிலைகள்

உடல் பருமனும் சர்க்கரை நோயும் கொலஸ்ட்ரால் கற்களுக்கு வழிவகுக்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்கற்கள் மிகுதியாக வருவதற்கு ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பே முதன்மைக் காரணம். அது பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது. கருவுற்ற காலத்தில் பித்தப்பை மெதுவாகவே சுருங்குவதால் கசடும் கல்லும் தோன்றலாம். மகப்பேற்றுக்குப் பின் கசடு தானாகவே மறைவதும் உண்டு. ஆகவே, கர்ப்ப காலத்தில் கண்ட கசடுக்காக எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஆனால், மேல்வயிற்றில் கடும் வலி வந்தால் "வாயுதான்" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடையும் நோய்களில் பிலிருபின் பெருகி நிறமிக் கற்கள் உருவாகின்றன. தலசீமியா, நீலகிரி மலைவாழ் மக்களிடையே காணப்படும் அரிவாள் செல் சோகை ஆகியவை இவ்வகையின. எனவே, பள்ளிப் பருவத்துக் குழந்தைக்குப் பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்தால், கல்லோடு நிறுத்திக்கொள்ளாமல் இரத்தப் பரிசோதனையும் செய்கிறோம். சில குடும்பங்களில் குழந்தையின் சோகைக்கான காரணம் இவ்வாறுதான் முதன்முதலில் தெரியவருகிறது.

கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கும் நிறமிக் கற்கள் எளிதில் வருகின்றன. இவர்களுக்கு அறுவை சிகிச்சையில் இரத்தக் கசிவும் பிற இடர்களும் கூடுதல். ஆதலால், தொல்லை தராத கல்லை அவசரப்பட்டு அகற்றுவதில்லை. மது அருந்தும் பழக்கம் இருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுவது உங்கள் பாதுகாப்பிற்காகவே.

மருந்துகளாலும் சிகிச்சைகளாலும் வரும் கற்கள்

உடல் எடை விரைவாகக் குறையும்போது கல்லீரல் கூடுதலான கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் சேர்க்கிறது. உணவு குறைவதால் பித்தப்பையும் அடிக்கடி சுருங்குவதில்லை. வாரத்திற்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை குறைந்தால் கல் உருவாகும் வாய்ப்புத் தெளிவாக உயர்கிறது. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு முதல் சில மாதங்களில் கல் தோன்றுவது பரவலாகக் காணப்படுகிறது. அதைத் தடுக்க, அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்னும் மாத்திரையை ஆறு மாதங்கள்வரை கொடுப்பதுண்டு.

2025 முதல் இந்தியாவில் எடை குறைப்புக்கான புதிய ஊசிகள் விற்பனைக்கு வந்துள்ளன. செமாகுளூடைடு, டிர்செபடைடு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. சர்க்கரையையும் எடையையும் கட்டுப்படுத்துவதில் இவை நல்ல பயன் தருகின்றன. எனினும், பித்தப்பைக் கல்லும் பித்தப்பை அழற்சியும் இவற்றின் அறியப்பட்ட பக்கவிளைவுகள். ஏற்கெனவே கல் இருப்பவர்கள் ஊசியைத் தொடங்குமுன் அதைத் தெரிவிக்க வேண்டும். ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு மேல்வயிற்று வலி வந்தால், மருந்தால் வரும் குமட்டல்தான் என்று தாமே முடிவு செய்யக் கூடாது.

டைஃபாய்டு போன்ற காய்ச்சல்களுக்குப் போடப்படும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி, பித்தப்பையில் கால்சியத்தோடு சேர்ந்து படிந்து ஸ்கேனில் கல் போலவே தோன்றும். சிகிச்சை முடிந்த சில வாரங்களில் இப்படிவு பெரும்பாலும் தானே கரைந்துவிடும். அண்மையில் காய்ச்சலுக்காக மருத்துவமனையில் இருந்து ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு "கல்" காணப்பட்டால், அறுவை சிகிச்சை பற்றி முடிவெடுக்குமுன் மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. மருந்துச் சீட்டுகளையும் மருத்துவமனை வெளியேற்றச் சுருக்கத்தையும் பத்திரமாக வைத்திருக்குமாறு நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ட்ரைகிளிசரைடைக் குறைக்கத் தரும் ஃபைப்ரேட் மாத்திரைகள், சில கருத்தடை மாத்திரைகள், ஆக்ட்ரியோடைடு ஊசி, நீண்ட நாள் வாய்வழி உணவின்றி இரத்தநாளம் வழியாகவே ஊட்டம் பெறுதல் ஆகியவையும் கல் உருவாக இடமளிக்கின்றன. இவற்றில் எதையும் நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கல் இருப்பதைக் கூறினால், மாற்று மருந்து வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார்.

வலி தராத கல்

பித்தப்பையில் கல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எத்தொல்லையும் வருவதில்லை. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் காணப்படும் கல், ஆண்டொன்றுக்கு நூறு பேரில் ஏறத்தாழ ஒருவர் முதல் நால்வர்க்கே தொல்லை தரத் தொடங்குகிறது. ஆகவே, வலியற்ற கல்லுக்குப் பொதுவாக அறுவை சிகிச்சை தேவையில்லை. அறிகுறிகளை அறிந்து விழிப்பாக இருந்தால் போதும்.

இதற்கு விலக்குகளும் உண்டு. கல் 3 சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக இருந்தாலோ, பித்தப்பையில் பெரிய தசைமொட்டு இருந்தாலோ, பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ புற்றுநோய் வாய்ப்பைக் கருதி அகற்றுவது பற்றி ஆலோசிக்கிறோம். பித்தப்பைப் புற்றுநோய் கங்கைச் சமவெளி மாநிலங்களில் மிகுதியாகவும் தெற்கில் அதைவிடக் குறைவாகவும் காணப்படுகிறது. எனவே, கல் என்றாலே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டியதில்லை.

சர்க்கரை நோயாளிகள் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் உள்ளது என்பதற்காக மட்டும் வலியற்ற கல்லை அகற்றும் வழக்கம் இப்போது இல்லை. ஆனால், அவர்களுக்குப் பித்தப்பையில் தொற்று ஏற்பட்டால் அது விரைந்து முற்றிவிடும். நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தால் வலியும் குறைவாகவே தெரியும். காய்ச்சல், வாந்தி, காரணமின்றி உயரும் சர்க்கரை ஆகியவையே முதல் அறிகுறிகளாக இருக்கலாம். கல் இருப்பது தெரிந்த சர்க்கரை நோயாளியின் வீட்டார் இவற்றை மனத்தில் கொள்ள வேண்டும்.

வலியை இனங்காணுதல்

பித்தப்பை வலி மேல்வயிற்றின் நடுவிலோ வலப்புற விலா எலும்பின் கீழோ தோன்றி, முதுகுக்கோ வலத் தோள்பட்டைக்கோ பரவும். அரை மணி நேரம் முதல் சில மணி நேரம்வரை விடாது நீடிக்கும். கிடா விருந்துக்குப் பிறகோ, இரவில் பரோட்டாவும் சால்னாவும் உண்ட பிறகோ நள்ளிரவில் வலியெடுத்து எழுந்ததாகப் பலர் கூறுகின்றனர். நெடுநேரம் பட்டினி இருந்து, பிறகு எண்ணெய்ப் பலகாரங்களால் விரதத்தை முடிக்கும்போதும் இவ்வலி வரலாம். வலி தரும் கல் உள்ளவர்கள் சஷ்டி விரதம், ரமலான் நோன்பு போன்றவற்றை மேற்கொள்ளுமுன் மருத்துவரிடம் பேசிக்கொள்வது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக இன்றியமையாதது. மேல்வயிற்று வலி எல்லாம் பித்தப்பை வலி ஆகிவிடாது. மாரடைப்பும் மேல்வயிற்று வலியாகவும் வியர்வையாகவும் வாந்தியாகவும் வெளிப்படும். சர்க்கரை நோயாளிகள், முதியோர், பெண்கள் ஆகியோரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ஸ்கேனில் முன்பே கல் கண்டவர்கள், "இது அந்தக் கல் வலிதான்" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தகைய வலியோடு வருவோருக்கு நாங்கள் முதலில் இ.சி.ஜி. எடுப்பது இதனால்தான். "வயிற்று வலிக்கு நெஞ்சைச் சோதிப்பது ஏன்?" என்று தயங்க வேண்டாம்.

கல் இடம்பெயர்ந்தால்

சிறிய கல் பித்தப்பையிலிருந்து நழுவிப் பொதுப் பித்தக் குழாயை அடைத்தால் மஞ்சள் காமாலை உண்டாகிறது. சிறுநீர் கருமஞ்சளாகும், மலம் வெளுத்துப்போகும், உடல் அரிக்கும். இந்தக் காமாலை கிருமியால் வரும் காமாலையிலிருந்து வேறுபட்டது. காமாலை என்றதும் கீழாநெல்லி கொடுத்துப் பத்தியம் இருப்பது நம் ஊர்களில் நெடுங்கால வழக்கம். குழாய் அடைத்துக்கொண்டிருக்கையில் அந்தக் காத்திருப்பு தீங்காக முடியலாம். காமாலையோடு குளிர்நடுக்கக் காய்ச்சலும் வலியும் சேர்ந்தால் பித்தக் குழாயில் தொற்று ஏற்பட்டுள்ளது என்று பொருள் கொள்ளலாம். அது இரத்தத்தில் பரவ நெடுநேரம் ஆகாது. ஆகவே, எந்தக் காமாலையாயினும் முதலில் ஓர் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து, அடைப்பு உண்டா என அறிந்துகொள்ளுங்கள். அடைப்பு இருந்தால் வாய்வழியே உள்நோக்குக் குழாயைச் செலுத்தும் இ.ஆர்.சி.பி. முறையில் கல்லை எடுக்க இயலும்.

பித்தக் குழாயும் கணையக் குழாயும் குடலில் சேருமிடம் ஒன்றே. அங்கே கல் சிக்கினால் கணைய அழற்சி உண்டாகிறது. கணைய அழற்சிக்கு முதன்மையான காரணங்கள் பித்தக் கல்லும் மதுவும்தான். முதுகைத் துளைப்பது போன்ற வலியும் ஓயாத வாந்தியும் இதன் அடையாளங்கள். மதுப் பழக்கம் இல்லாதவருக்குக் கணைய அழற்சி வந்தால் முதலில் பித்தப்பையைத்தான் ஆராய்கிறோம். கல்லால் வந்த அழற்சி இலேசானதாக இருந்து தணிந்தால், பெரும்பாலும் அதே சேர்க்கையிலேயே பித்தப்பையை அகற்றப் பரிந்துரைக்கிறோம். அகற்றாமல் வீடு திரும்பினால் அழற்சி மீண்டும் வரக்கூடும்.

கல்லைக் கரைக்க முடியுமா?

சிறுநீரகக் கல்லும் பித்தப்பைக் கல்லும் பெயரளவில்தான் ஒத்தவை. சிறுநீரகக் கல் சிறுநீர்ப் பாதையில் உருவாவது. நிறையத் தண்ணீர் குடித்தால் சிறிய கல் வெளியேறும். பித்தப்பைக்குள் நாம் குடிக்கும் தண்ணீர் செல்வதில்லை. எனவே, வாழைத்தண்டுச் சாறும் மிகுதியான தண்ணீரும் பித்தப்பைக் கல்லைக் கரைக்கா. ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் குடித்துக் கல்லை "வெளியேற்றும்" முறையும் பரவி வருகிறது. மறுநாள் மலத்தில் காணப்படும் பச்சை உருண்டைகள், எண்ணெய் குடலில் சோப்பைப் போல இறுகியதால் உண்டானவை. அவை கற்கள் அல்ல.

அர்சோடியாக்சிகோலிக் அமிலம், சுண்ணாம்பு படியாத சிறிய கொலஸ்ட்ரால் கற்களை மட்டுமே கரைக்கவல்லது. அதற்கும் பல மாதங்கள் ஆகும். கரைந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் கல் மீண்டும் வருகிறது. நிறமிக் கற்களை அது கரைப்பதில்லை. நம் பகுதியில் இவ்வகைக் கற்களின் பங்கு கூடுதல் என்பதால், மாத்திரையால் பயன்பெறுவோர் இங்கே சிலரே.

அறுவை சிகிச்சை

வலி தரும் கல்லுக்கு நிலையான தீர்வு பித்தப்பையை அகற்றுவதே. "கல்லை மட்டும் எடுத்துவிடலாமே" என்று கேட்பதுண்டு. கல்லை உருவாக்கிய பை உள்ளேயே இருந்தால் அதில் மீண்டும் கல் வளரும். 1882இல் பெர்லின் நகரில் கார்ல் லாங்கன்பூக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவர் தெஹெம்டன் உத்வாடியா இந்தியாவில் முதன்முறையாக லேப்ராஸ்கோப்பி வழியே இதைச் செய்தார். இன்று சிறு துளைகள் வழியாகவே பெரும்பாலும் செய்யப்படுகிறது. சிக்கல் இல்லாதவர்கள் ஓரிரு நாள்களில் வீடு திரும்புகின்றனர். உள்ளே ஒட்டுதலோ கடும் அழற்சியோ இருந்தால் பாதுகாப்பைக் கருதி வயிற்றைத் திறந்து செய்ய நேரிடலாம்.

அறுவை சிகிச்சைக்கு முன் நீங்கள் கூறும் செய்திகள் திட்டத்தையே மாற்றக்கூடியவை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்கக் குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்கள் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அவற்றை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை இதய மருத்துவரோடு கலந்தே முடிவு செய்கிறோம். சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைச் சில நாள்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எடை குறைப்பு ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. வயிற்றில் உணவு எஞ்சியிருந்தால் மயக்கநிலையில் அது மூச்சுக்குழாய்க்குள் செல்லும் ஆபத்து உண்டு. மயக்க மருத்துவர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கருவுற்றவர்களுக்கு அறுவை சிகிச்சை தவிர்க்க இயலாததானால், நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம்வரையிலான இடைக்காலம் பொதுவாக ஏற்றது.

பித்தப்பை இல்லாத வாழ்க்கை

பித்தப்பையை எடுத்தபின் செரிமானம் நின்றுவிடாது. கல்லீரல் முன்போலவே பித்தநீரைச் சுரக்கும். அது தேங்காமல் நேரே குடலுக்கு வரும். முதல் சில வாரங்கள் எண்ணெய் குறைந்த உணவைச் சிறுசிறு அளவாக உண்டு, பின்னர் வழக்கமான வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம். சிலருக்குச் சில காலம் மலம் இளகிப் போகும். நீடித்தால் மருந்து உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பின் காமாலையோ காய்ச்சலோ கூடிவரும் வலியோ தோன்றினால் உடனே வர வேண்டும்.

அடுத்த முறை வரும்போது

பழைய, புதிய ஸ்கேன் அறிக்கைகள், உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், ஊசிகளின் விவரம், நாட்டு மருந்து எடுத்திருந்தால் அதன் பெயர், முந்தைய மருத்துவமனைச் சுருக்கங்கள் ஆகியவற்றை ஒரு பையில் எடுத்து வாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டுவந்து, சேர்க்கைக்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் ஒப்புதல் பற்றிக் கேட்டறிக.

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று தோன்றினாலும் மறுநாள் காலை வரை காத்திருக்காமல் அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். தேவையானால் 108க்கு அழையுங்கள்.

• சில மணி நேரமாகியும் தணியாத மேல்வயிற்று வலி
• குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல்
• கண்ணோ தோலோ மஞ்சளாதல், சிறுநீர் கருத்தல்
• ஓயாத வாந்தியும் முதுகுக்குப் பரவும் வலியும்
• வலியோடு வியர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சில் பாரம்

வலியற்ற கல் இருப்பவர்களும் இப்பட்டியலை வீட்டாருக்குக் காட்டி வையுங்கள். நள்ளிரவில் வலி வரும்போது முடிவெடுக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் அவர்களே.